அகத்தியின் 1,200 மீட்டர்

அரபிக்கடலில், கொச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அகத்தி, லட்சத்தீவுக் கூட்டத்தில் மக்கள் வாழும் பத்துத் தீவுகளுள் பயணிகள் விமானம் இறங்கும் ஒரே தீவாகும். அகலத்தில் ஒரு கிலோமீட்டரை எட்டுவதே அரிதான இத்தீவின் தென்கோடியில், நிலம் ஒடுங்கி வாலாக மெலியும் இடத்தில், டார்னியர் எனும் சிறிய விமானங்களுக்காக 1988ஆம் ஆண்டில் ஓடுபாதை ஒன்று அமைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 1,200 மீட்டர். பெருநகர விமான நிலையங்களின் ஓடுபாதைகளோ மூன்று கிலோமீட்டரையும் கடப்பவை. மேற்கே பவளத்திட்டு அரணாக நிற்க, அதனுள் அடங்கிய லகூன் எனும் ஆழமற்ற உள்கடலும், கிழக்கே ஆழ்கடலும் இந்த ஓடுபாதையை நெருக்கி நிற்கின்றன. அகத்திக்குச் செல்பவர் சந்திக்கும் கட்டுப்பாடுகள் பலவும், பெட்டியின் எடை முதல் பயணச்சீட்டின் தட்டுப்பாடு வரை, இந்த நிலத்தின் அளவிலிருந்தே பிறக்கின்றன என்பதை அறிந்து புறப்படுபவருக்கு இப்பயணம் எளிதாகிவிடும்.

விமானம் மேலெழ வேண்டுமானால் இறக்கைகளின் மீது காற்று போதிய வேகத்தில் பாய வேண்டும். எடை கூடக் கூட அந்த வேகத்தை எட்டுவதற்கு நீண்ட ஓட்டம் தேவைப்படும். அகத்திக்குப் பறக்கும் ஏடிஆர் வகை விமானங்கள் டர்போபிராப் எனப்படும் விசிறி எஞ்சின் கொண்டவை. குறுகிய ஓடுபாதைகளுக்கு ஏற்றவை. ஆயினும், எழுபதுக்கும் மேற்பட்ட இருக்கைகளை உடைய ஏடிஆர் 72, முழு எடையுடன் கடல்மட்டத்தில் மேலெழுவதற்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் தேவைப்படுவதால், அதை அகத்தியில் முழுமையாக நிரப்பி இயக்க இயலாது. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைந்து, இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் ஆற்றலும் ஒருசேரக் குறைவதால், ஏற்றக்கூடிய எடை மேலும் சுருங்கும்; எதிர்காற்று வீசினால் சற்றே கூடும்.

இக்கணக்கில் எரிபொருளும் சேர்கிறது. நிலப்பகுதியில் ஒரு விமான நிலையம் மூடப்பட்டால் அரைமணி நேரத்தில் அடையக்கூடிய வேறொன்று பெரும்பாலும் இருக்கும். அகத்தியைச் சுற்றியோ கடல் மட்டுமே உள்ளது. தீவின்மேல் மழைத்திரை சூழ்ந்து ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாமற்போனால், விமானம் மீண்டும் கேரளக் கரைக்கே திரும்ப வேண்டியிருப்பதால், அதற்கான எரிபொருளையும் புறப்படும்போதே சுமந்து செல்ல வேண்டும். அந்த எரிபொருளின் எடை ஏற ஏறப் பயணிகளுக்கும் பெட்டிகளுக்குமான எடை இறங்குகிறது. ஆகவே, இருக்கைகள் காலியாகத் தெரிந்தும் விற்கப்படாமலிருப்பதைக் கண்டோ, கூடுதல் பெட்டி மறுக்கப்படுவதைக் கண்டோ மனம் சலிக்க வேண்டியதில்லை. விமான நிறுவனம் அறிவித்துள்ள எடை வரம்பை வீட்டிலேயே சரிபார்த்து, மருந்துகளையும் ஒருநாளைக்கான உடையையும் கைப்பையில் வைத்துக்கொள்வது அறிவுடைய ஏற்பாடாகும்.

பயணச்சீட்டுக்கு முன்பே பெற வேண்டியது நுழைவு அனுமதி. 1967ஆம் ஆண்டின் விதிகளின்படி, தீவுகளைச் சேராத இந்தியக் குடிமக்களும் லட்சத்தீவு நிர்வாகத்தின் அனுமதியின்றி அங்கு நுழைய முடியாது. தீவு மக்களில் மிகப் பெரும்பான்மையினர் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய நிலமும் வாழ்முறையும் வெளியாரின் பெருக்கத்தால் சிதையாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. 1956 நவம்பர் 1 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தவை என்பதை இன்றைய தமிழ் வாசகர் பலர் அறியார். அந்தப் பழைய தொடர்பு இன்று எந்தச் சலுகையையும் தருவதில்லை, தமிழ்நாட்டிலிருந்து செல்பவரும் அனுமதி பெற்றே ஆக வேண்டும். அரசுச் சுற்றுலா ஏற்பாட்டில் செல்வோருக்கு இப்பணியின் பெரும்பகுதியை ஏற்பாட்டாளர்களே முடித்துத் தருவர். தனியாகச் செல்ல விரும்புவோர் பல வாரங்கள் முன்னதாகத் தொடங்குவது நல்லது. அனுமதியின் அச்சிட்ட படி ஒன்றையும் அடையாள அட்டையையும் போர்டிங் பாஸுடன் சேர்த்துக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

அகத்தி விமான நிலையத்தின் உட்பகுதியில் வழிதவற இடமில்லை. விமானத்திலிருந்து இறங்கி நடந்தே கட்டடத்தை அடையலாம். உண்மையான கவனம் தேவைப்படுவது அதன் வாசலுக்கு அப்பால். லட்சத்தீவின் தலைநகரான கவரத்தி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் தொலைவில் இருக்கிறது. பங்காரம் எனும் சிறு தீவு படகில் எட்டும் அண்மையில் உள்ளது. இப்படகுகளும் காற்றையும் அலையையும் பார்த்தே புறப்படுபவை என்பதால், இறங்கிய அன்றே வேறொரு தீவுக்குச் செல்ல வேண்டியவர், படகை உறுதிசெய்யாமல் கொச்சியிலிருந்து கிளம்புவது ஏற்றதன்று. மதுவிலக்கு நடப்பிலுள்ள தீவு இது என்பதால் பெட்டிக்குள் மது இருக்கலாகாது. திரும்பும்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு: கரையில் கிடக்கும் உடைந்த பவளத் துண்டு எவருக்கும் உரியதல்ல என்று தோன்றினாலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பவளங்கள் காக்கப்பட்டவை, அவற்றை எடுத்துச் செல்வது குற்றமாகும். பவளம் உடைந்து பொடிந்த மணலால் உருவான தீவில் இச்சட்டத்தின் நியாயம் எளிதில் விளங்கும்.

ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்களை வரவழைக்க வேண்டும் என்ற திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. நிலம் முடிந்துபோன இடத்தில் நீட்டிப்பு என்பது லகூனையும் பவளத்திட்டையும் தொடாமல் நிகழாது. அதே வேளையில், உயர் சிகிச்சைக்காகக் கொச்சியை நம்பியிருக்கும் நோயாளிக்கும், கல்லூரி விடுமுறையில் ஊர் திரும்பும் தீவு மாணவருக்கும் ஓர் இருக்கை கிடைப்பது எத்தனை அரிது என்பதையும் புறக்கணிக்க இயலாது. சுற்றுலாப் பயணியும் இவர்களும் ஒரே எண்ணிக்கையிலான இருக்கைகளுக்குத்தான் காத்திருக்கின்றனர். எனவே, பயணத் தேதி மாறினால் இருக்கையை வீணாக்காமல் முன்கூட்டியே ரத்துசெய்வது சுற்றுலாப் பயணி செய்யக்கூடிய உண்மையான உதவியாகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையால் கடலும் வானும் ஒருசேரக் கொந்தளிப்பதால், அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலான காலமே பயணத்துக்கு உகந்தது. அப்போதும் விமானம் ஒருநாள் தள்ளிப்போகக்கூடும். மாற்று வழியான கப்பல் கொச்சியை அடையப் பதினான்கு மணி நேரத்துக்கும் மேலாகலாம், அதில் உடனே இடம் கிடைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. எர்ணாகுளத்திலிருந்து கோவைக்கோ சென்னைக்கோ செல்லும் ரயிலில், அகத்தியிலிருந்து திரும்பும் அன்றிரவே இடம் பதிவு செய்யாமல், அடுத்த நாளுக்குப் பதிவு செய்து கொச்சியில் ஓர் இரவு தங்குவதற்கான செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நன்று.