குடலால் மூச்சுவிடும் குட்டிக் கெளுத்தி

“தொட்டியில் இருக்கிற கோரி மீன் திடீரென்று அம்பு மாதிரி மேலே பாய்கிறது, வாயைத் திறக்கிறது, மறுபடி அடிக்கே ஓடிவிடுகிறது. சாகப்போகிறதா சார்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சாகவில்லை அம்மா, மூச்சு வாங்கப் போய்வருகிறது.

கோரி என்று நாம் சுருக்கிச் சொல்லும் கோரிடோராஸ் தென் அமெரிக்க ஆறுகளின் கெளுத்தி. சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் அதிகம் கிடைப்பது வெண்கலக் கோரி. மீனியலாளர் தியோடர் கில் 1858இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 2024இல் ஆய்வாளர்கள் அதை ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடையில் அது இன்றும் கோரிதான். நீளம் ஆறேழு சென்டிமீட்டர். செதில் இல்லை, இரு பக்கமும் எலும்புத் தகடுகள், ஓட்டுவீட்டுக் கூரைபோல.

செவுள் இருந்தும் இதற்கு இன்னொரு மூச்சு வழி உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அந்தக் காற்று வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போகிறது. பின்குடலின் சுவர் மெல்லியது, ரத்தக் குழாய்கள் நிறைந்தது. ஆக்சிஜன் அங்கே ரத்தத்தில் கலக்கிறது. மிச்சக் காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும்வரை உடம்பை மிதக்கவைக்கவும் அந்தக் காற்று உதவுகிறது. சின்ன வயதில், ரயில் நிற்கிற இரண்டு நிமிடத்தில் அப்பா கூஜாவோடு இறங்கித் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். அதே பதற்றம்தான் மேலே வந்துபோகும் கோரிக்கும். ஆற்றில் மேலே நின்றால் பறவை கொத்திவிடும் அல்லவா!

எப்போதாவது போய்வந்தால் கவலை வேண்டாம். ஓயாமல் ஓடினால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பொருள்.

என் முதல் கோரிகளை விற்ற கடைக்காரர், “இது க்ளீனிங் மீன் சார், தனியா தீனி வேண்டாம்” என்றார். நம்பினேன். இரண்டே மாதத்தில் வயிறு ஒட்டி, தகடுகள் புடைத்துத் தெரிந்தன. கோரி மற்ற மீன்களின் கழிவைத் தின்று பிழைக்காது. விளக்கை அணைத்தபின் அடியில் மூழ்கும் தீனி கொஞ்சம் போட்டால் போதும். அழுக்கு சேர்ந்த கூர்க்கற்கள்மேல் விட்டால் மீசை புண்ணாகி அழுகும். அந்த மீசையால்தான் அது இரை தேடுகிறது. ஆகவே மெல்லிய ஆற்றுமணல் போடுங்கள். ஒன்றை மட்டும் வாங்கி அழகு பார்ப்பது பாவம். குறைந்தது ஆறு சேர்ந்து இருக்கட்டும். வலையில் பிடித்தால் துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும், கிண்ணத்தில் மொள்ளுங்கள்.

தொட்டியை விளிம்புவரை நிரப்பிக் கண்ணாடி போட்டு மூடியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே கொஞ்சம் தண்ணீரை வெளியே எடுங்கள். அது காற்றை விழுங்க மூடிக்குக் கீழே மூன்று விரற்கடை இடம் வேண்டும்.