திருப்தியானவர் எழுதுவதில்லை: சிறு கடைகளும் கூகுள் ரிவ்யூவும்

கூகுள் மேப்பில் ஒரு கடையின் பெயரோடு நட்சத்திர மதிப்பும், அதன் பக்கத்தில் ரிவ்யூ எண்ணிக்கையும் தெரிகின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவர், இரவில் மருந்துக் கடை தேடுபவர், ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு ஆள் தேடுபவர் என அந்தக் கடையை முன்பின் அறியாத எவரும் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான். தேடலில் எந்தக் கடை மேலே வர வேண்டும் என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்று அளவுகளை வைத்து முடிவு செய்வதாகக் கூகுள் சொல்கிறது. ரிவ்யூக்களின் எண்ணிக்கையும் மதிப்பும் மூன்றாவது கணக்கில் சேர்கின்றன. கடை இருக்கும் தெருவை மாற்ற முடியாது. செய்யும் தொழிலையும் எளிதில் மாற்ற முடியாது. கடைக்காரரின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

ரிவ்யூவால் வியாபாரம் உண்மையில் கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு பதில் தருகிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருவாய்க் கணக்கை யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் அவை பெற்ற மதிப்போடு ஒப்பிட்டு, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடியது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு சிறு வியாபாரிகளுக்கு இன்னும் முக்கியமானது: அந்தப் பலன் தனித்து நடக்கும் உணவகங்களுக்கே கிடைத்தது, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய பெயரை மக்கள் ஏற்கெனவே அறிவார்கள். பெயர் தெரியாத கடைக்கு முன்பு தெருவில் நால்வர் சொன்ன வார்த்தை செய்த வேலையை இப்போது ரிவ்யூ செய்கிறது.

அப்படியிருந்தும் நல்ல கடைகள் பலவற்றுக்கு ரிவ்யூ மிகக் குறைவு. திருப்தியாகச் சாப்பிட்டவர் பில்லைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார். சாம்பாரில் முடியைக் கண்டவரோ பேருந்தில் ஏறுவதற்குள் எழுதிவிடுகிறார். பால் பாவ்லூவும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அமேசான் மதிப்புரைகளை வரைபடமாக்கினால் ஆங்கில ‘ஜே’ எழுத்தின் வடிவம் வருவதைக் காட்டியது. ஐந்து நட்சத்திரங்கள் ஏராளம், ஒரு நட்சத்திரம் ஓரளவு, நடுவில் பள்ளம். மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவருமே பெரும்பாலும் தாமாக எழுத முன்வருவது இதற்கு ஒரு காரணம். பொருளைப் பயன்படுத்திய எல்லோரிடமும் கருத்துக் கேட்டால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடுகிறது. ஆகவே ரிவ்யூ சேர்ப்பது என்பது, சும்மா இருந்தால் எழுதாமல் போகும் நடுத்தரப் பெரும்பான்மையைப் பேச வைக்கும் வேலை. அதற்கு வழி கேட்பது ஒன்றே.

எண்ணிக்கை ஏன் வேண்டும் என்பதை எளிய கணக்கிலேயே பார்க்கலாம். பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடைக்குப் பதினோராவது ஆள் ஒரு நட்சத்திரம் கொடுத்தால் சராசரி 4.6-க்கு இறங்கும். நூறு பேர் கொடுத்திருந்தால் 4.96-க்குத்தான் இறங்கும், அந்த ஒருவரின் கோபம் கடையைப் பாதிக்காது. பத்து ரிவ்யூவோடு நிற்கும் கடைதான் ஒவ்வொரு புகாருக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது.

கேட்கும் நேரம் தொழிலுக்குத் தொழில் மாறும். தையல் கடையில் பிளவுஸைப் போட்டுப் பார்த்து அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லும் நிமிடம் சரியான நேரம். மெக்கானிக் கடையில் வண்டியைக் கொடுக்கும்போது கேட்பது சீக்கிரம். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். மெஸ்ஸில் கல்லா அருகே கேட்கலாம், ஆனால் பின்னால் நாலு பேர் காத்திருக்கும் மதிய நேரத்தில் கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ரிவ்யூ எழுதும் பக்கத்துக்கு நேராகப் போகும் லிங்க்கையும் க்யூஆர் குறியீட்டையும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் கணக்கிலிருந்து கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த க்யூஆரைப் பணம் கட்டும் க்யூஆருக்குப் பக்கத்திலேயே ஒட்டுவது பலரும் செய்யும் பிழை. எதை ஸ்கேன் செய்தால் பணம் போகும் என்ற குழப்பத்தில் வயதானவர்கள் இரண்டையும் தொட மாட்டார்கள். வேறு நிறத்தில், பெரிய தமிழ் எழுத்தில், வாசலை ஒட்டி வைப்பது நல்லது. பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும் கடைகளுக்கு வேலை இன்னும் எளிது: “அண்ணே, வண்டி இப்ப எப்படி ஓடுது? நேரம் இருந்தா இதுல ரெண்டு வரி எழுதுங்க. குறை இருந்தாலும் எழுதலாம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. கேட்பவர் புகழ்ச்சிக்கு அலையவில்லை என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டுவது அதுதான்.

நல்ல ரிவ்யூ எது என்பதிலும் தெளிவு வேண்டும். “சூப்பர்”, “குட் சர்வீஸ்” என்பவை எண்ணிக்கையைக் கூட்டும். படிப்பவருக்கு எதையும் சொல்லாது. “வாஷிங் மெஷின் சுத்தவில்லை என்று காலையில் கூப்பிட்டேன், சாயங்காலம் வந்து பெல்ட் மாற்றினார், முதலில் சொன்ன தொகையைத்தான் வாங்கினார்” என்ற ஒரு வரி, அதே தொல்லையோடு தேடும் இன்னொருவரைக் கடைக்கு அழைத்து வரும். எதை எழுத வேண்டும் என்று வாசகம் கொடுப்பது தவறு. எதைப் பற்றி எழுதலாம் என்று கேள்வி கொடுப்பதில் தவறில்லை: என்ன வேலைக்கு வந்தீர்கள், எத்தனை நாளில் முடிந்தது, சொன்ன விலைக்குள் முடிந்ததா. தமிழிலோ பேச்சு வழக்கிலோ எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டால் ஆங்கிலத்துக்குத் தயங்குபவர்களும் எழுதுவார்கள்.

எல்லாமே ஐந்தாக இருக்க வேண்டும் என்ற ஆசை வீண். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இணையத்தில் ஒரு பொருளை வாங்கும் வாய்ப்பு 4.0-க்கும் 4.7-க்கும் இடையிலான மதிப்பில் உச்சத்தைத் தொடுகிறது. 5-ஐ நெருங்கும்போது குறைகிறது. குறையே இல்லாத பொருளைப் பார்த்தால் வாங்குபவருக்குச் சந்தேகம் வருகிறது.

இந்த ஆசைதான் பல கடைகளை விதிமீறலில் தள்ளுகிறது. முதலில் “திருப்தியா?” என்று கேட்டு, ஆம் என்பவருக்கு மட்டும் கூகுள் லிங்க்கை அனுப்பி, இல்லை என்பவரைத் தனிப் படிவத்துக்குத் திருப்பிவிடும் முறையைச் சில விளம்பர ஏஜென்சிகள் உத்தியாகவே விற்கின்றன. நல்லதை மட்டும் தேர்ந்து கேட்பதையும், குறை எழுதுவதைத் தடுப்பதையும் கூகுளின் விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. ரிவ்யூவுக்குப் பதிலாகத் தள்ளுபடி, இலவச ஜூஸ், பணம் என எதைக் கொடுத்தாலும் விதிமீறலே. ஊழியர் தம் சொந்தக் கடைக்கு எழுதுவதும், போட்டிக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு எழுதுவதும் அப்படியே.

காசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது இதைவிட மோசமானது. மொத்தமாக வாங்கிய ரிவ்யூக்கள் சில நாட்களுக்குள் கொட்டிக் குவியும், ஒரே மாதிரி பேசும், எழுதியவர்களின் கணக்குகள் வெவ்வேறு மாநிலக் கடைகளுக்கும் அதே வாரத்தில் எழுதியிருக்கும். 2023-இல் மட்டும் 17 கோடிக்கும் மேற்பட்ட விதிமீறிய ரிவ்யூக்களைத் தடுத்ததாகவோ நீக்கியதாகவோ கூகுள் தெரிவித்தது. இந்தச் சந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டிலிருந்தே ஹோட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் காசு என்று டெலிகிராமில் ஆள் சேர்த்து, முதலில் சிறு தொகை கொடுத்து நம்ப வைத்து, பிறகு ‘டாஸ்க்’ என்ற பெயரில் முன்பணம் கட்டச் சொல்லி ஏமாற்றும் கும்பல்களிடம் தமிழ்நாட்டிலும் பலர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள்.

சட்டமும் இதில் நுழைந்துவிட்டது. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள், விற்பவர் தம்மையே வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலை 2022 நவம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. விருப்பத்தின்பேரில் பின்பற்றும் தரநிலையாக வந்த அது, இணையத்தில் மதிப்புரை வெளியிடும் எல்லா அமைப்புகளையும் கருத்தில் கொண்டது. சொந்த வெப்சைட்டில் புடவை விற்று, வாங்கியவர்களின் கருத்துகளை அங்கேயே வெளியிடும் சிறு வியாபாரியும் அதில் அடங்குவார். பாதகமானவற்றை மட்டும் மறைத்துவிட்டு நல்லதைக் காட்டுவது அந்தத் தரநிலைக்கு எதிரானது.

ரிவ்யூ வந்த பிறகு செய்யும் வேலைதான் பலரும் விட்டுவிடுவது. டாவிடே புரோசெர்பியோ, ஜார்ஜியோஸ் செர்வாஸ் ஆகியோர் டெக்சாஸ் ஹோட்டல்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், டிரிப்அட்வைசர் என்ற பயண ரிவ்யூ தளத்தில் பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு ரிவ்யூ 12 சதவீதம் கூடியதும், மதிப்பு 0.12 நட்சத்திரம் உயர்ந்ததும் பதிவாகியுள்ளன. முதலாளி படித்துப் பதில் சொல்கிறார் என்று தெரிந்தால், போகிறபோக்கில் ஒரு நட்சத்திரம் வீசிவிட்டுப் போகிறவர்கள் குறைகிறார்கள்.

புகாருக்கான பதில் சுருக்கமாக இருக்க வேண்டும்: நடந்ததை ஒப்புக்கொள்வது, என்ன சரிசெய்யப்பட்டது என்பது, பேச வேண்டுமானால் யாரை அழைப்பது என்பது. “நீங்கள் எங்கள் கடைக்கு வரவே இல்லை” என்று சண்டைக்குப் போனால், அடுத்து படிக்கும் நூறு பேர் அந்தச் சண்டையைத்தான் பார்ப்பார்கள். கிளினிக், பல் மருத்துவமனை, அழகு நிலையம் போன்ற இடங்களில் வந்தவரின் நோயையோ சிகிச்சையையோ பதிலில் குறிப்பிடவே கூடாது. அவர் வந்தார் என்பதை உறுதிசெய்வதே அந்தரங்க மீறலாகலாம். குறை சரியானபின் எழுதியவரே தம் ரிவ்யூவைத் திருத்த முடியும். அப்படித் திருத்தப்பட்ட ரிவ்யூ, தொடக்கத்திலிருந்தே ஐந்து நட்சத்திரமாக இருந்ததைவிட அதிகம் நம்பப்படலாம்.

பொய்யான ரிவ்யூ வந்தால் அதைக் கூகுளிடம் புகார் செய்யலாம். பிடிக்காத கருத்து என்பதற்காக எதுவும் நீக்கப்படாது. ஆபாசம், மிரட்டல், போட்டியாளரின் வேலை, கடைக்கே தொடர்பில்லாத பேச்சு போன்ற விதிமீறல் இருந்தால்தான் நீக்கப்படும். முடிவு வரும்வரை அதன் கீழே அமைதியாக ஒரு பதிலும், அந்த வாரம் வந்த உண்மையான வாடிக்கையாளர்களிடம் வழக்கம்போல ஒரு கேள்வியும் போதும்.