ஆரஞ்சுப் பழம் கொடுத்த பையன்

திருச்சியில் புறப்படும் ரயில் தஞ்சாவூர், கும்பகோணம், குத்தாலம் எல்லாம் தாண்டி மாயவரம் போகும். 1982 முதல் அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர். அந்த ரயிலில் நடக்கிற கதைதான் தி. ஜானகிராமன் எழுதிய 'சிலிர்ப்பு'.

ஜானகிராமன் நம் பக்கத்துக்காரர். 1921-ல் மன்னார்குடி அருகே தேவங்குடியில் பிறந்தார். 1954-ல் வானொலி வேலைக்குப் போகும் முன் குத்தாலத்திலும் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளின் மனம் அவருக்குத் தெரியும்.

கதை சின்னது. ஒரு தகப்பனார் தம் சிறு பையனுடன் ரயிலில் வருகிறார். பையன் கையில் ஓர் ஆரஞ்சுப் பழம். தின்ன மனமில்லாமல் அதை வைத்துக்கொண்டே வருகிறான். அதே பெட்டியில் காமாட்சி என்று ஒரு ஏழைச் சிறுமி. கல்கத்தாவில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். அவளே ஒரு குழந்தை! பிரியும் நேரத்தில் பையன் பழத்தை அவளுக்குக் கொடுத்து விடுகிறான். தகப்பனாருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

பையன் ஏன் கொடுத்தான்? இரக்கம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரக்கம் பெரியவர்களுக்கு வருவது. பையனுக்கு அவள் ரயிலில் கிடைத்த சிநேகிதி. சிநேகிதிக்குக் கையில் இருப்பதைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

தகப்பனார் விஷயம் வேறு. அவர் நல்லவர், மனம் உருகுகிறவர். ஆனால் மகனைக் கட்டி அணைத்துக்கொண்டு அவர் தம் வீட்டுக்குப் போய்விடுவார். காமாட்சி கல்கத்தாவுக்குப் போயாக வேண்டும். அவர் சிலிர்ப்பு அவளைத் தடுத்து நிறுத்தவில்லை. ஆசிரியர் அவரைக் குறை சொல்லவில்லை. நமக்குத்தான் சுருக்கென்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறக்குறைய ஒரே பருவம். பையனுக்குப் பழத்தை உருட்டி விளையாடுவதுதான் வேலை. பெண்ணுக்கு ஊரான் பிள்ளையை இடுப்பில் சுமப்பது வேலை. அதில் யாருக்கும் அதிசயம் இல்லை. தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்த பெண்தானே, இதுவும் செய்வாள் என்று வீடும் நினைக்கிறது, ஊரும் நினைக்கிறது. தாயாகும் முன்பே தாய் வேலை!

இன்று பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை இப்படி வீட்டு வேலைக்கு வைத்தால் குற்றம். 2016-ல் திருத்திய சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனாலும் வேலைக்குப் போகும் தாய், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகளைத்தான் பள்ளிக்கு லீவு போடச் சொல்கிறாள். மகனிடம் சொல்வது அபூர்வம்.

காமாட்சி அந்தப் பழத்தை என்ன செய்திருப்பாள்? எங்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். "தின்றிருப்பாள்" என்றார்கள் ஆண்கள். "கல்கத்தாக் குழந்தைக்கு எடுத்து வைத்திருப்பாள்" என்றாள் என் தங்கை.