சுருள் கதவு

காத்தலும் வழிவிடுதலும் ஆகிய இருவேறு தொழில்களையும் ஒருங்கே செய்வது கதவு. பண்டைத் தமிழர் கதவமைத்தலைச் சிறந்ததொரு கைத்தொழிலாகப் போற்றினர். இரும்பினால் பிணிக்கப்பெற்ற இரட்டைக் கதவுகளையுடைய அரண்மனை வாயிலை நெடுநல்வாடை விரித்துரைக்கின்றது. அக்காலந்தொட்டுக் கதவுகள் குடுமியில் சுழன்றன. பின்னர்க் கீலில் திரும்பின. இக்காலத்திலோ மேல்நோக்கி ஏறித் தன்னைத் தானே பாய்போலச் சுருட்டிக்கொள்ளும் கதவும் தோன்றியுள்ளது. மக்கள் அதனை ஷட்டர் என்று வழங்குவர். சுருள் கதவு என்பது அதற்குப் பொருத்தமான தமிழ்ப் பெயராகும்.

இராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள அரக்கோணம், புகைவண்டிச் சந்திப்பால் பெயர்பெற்ற ஊர். 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை, தென்னிந்தியாவில் பயணிகளுக்கான முதல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றபொழுது, அப்பாதை இவ்வூர் வழியாகவே சென்றது. இவ்வூர்க் கடைத்தெருவில் காலைப்பொழுதில் நடந்து செல்வோர் செவியில், கடைகளின் சுருள் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழும் ஓசை விழும். கடைகளில் மட்டுமன்றி, இல்லங்களின் கீழ்த்தளத்தில் அமைந்த வண்டிக் கொட்டகைகளிலும் இக்கதவு இடம்பெற்றுள்ளது. நள்ளிரவில் நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லவேண்டிய வேளையில் இக்கதவு எழாது நின்றுவிடின், வண்டி இருந்தும் இல்லாததேயாகும். ஆதலின், இதன் அமைப்பையும், இதற்கு நேரும் குறைகளையும், அவற்றை நீக்கும் வகையையும் அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

சுருள் கதவின் உறுப்புக்கள் சில. நான்கு விரல் அகலமுள்ள எஃகுத் தகடுகள் பல, விளிம்போடு விளிம்பு கோக்கப்பெற்றுத் திரைபோலத் தொங்கும். அத்திரையின் இரு பக்கங்களும் சுவரில் பதித்த இரும்புத் தடங்களுக்குள் ஏறி இறங்கும். அடியில் கைப்பிடியோடு கூடிய கனத்த சட்டம் ஒன்று உண்டு. வாயிலின் மேற்புறத்தில் குறுக்காக ஒரு தண்டு பொருத்தப்பட்டிருக்கும். அதன்மேல் அமைந்த கூடுகளுக்குள் எஃகுச் சுருள்வில் அடங்கியிருக்கும். இச்சுருள்வில்லே கதவின் உயிர்நிலை.

3 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள கதவொன்றை எண்ணுக. அதன் பரப்பு 7.2 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோகிராம் எடையுடையது. ஆகவே, தகடுகள் மட்டுமே 57 கிலோகிராமுக்குக் குறையா. அவற்றின் மடிப்பும் அடிச்சட்டமும் சேரின், எடை 60 கிலோகிராமைக் கடந்துவிடும். இவ்வளவு பாரத்தைச் சிறுவனொருவன் ஒரு கையால் உயர்த்துவது எங்ஙனம்? கதவை இறக்குந்தோறும் சுருள்வில் முறுக்கேறுகின்றது. இறக்குவோன் செலுத்தும் விசையும், இறங்கும் கதவின் எடையும் சேர்ந்து அவ்வில்லினுள் ஆற்றலாகத் தங்குகின்றன. கதவை உயர்த்தும்பொழுது அவ்வாற்றல் வெளிப்பட்டுத் துணை செய்கின்றது. ஒரு வில்லை எவ்வளவு மிகுதியாக நீட்டுகின்றோமோ அவ்வளவு மிகுதியாக அது எதிர்த்து இழுக்கும் என்னும் உண்மையை, இங்கிலாந்து நாட்டு அறிஞர் இராபர்ட்டு ஊக் என்பார் 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். கதவு முற்றும் இறங்கிய நிலையில் தொங்கும் பாரமும் மிகுதி. வில்லின் முறுக்கும் மிகுதி. கதவு சுருண்டு ஏறிய நிலையில் இரண்டும் குறைவு. இவ்வாறு எடையும் விசையும் துலாக்கோலின் இரு தட்டுக்கள்போல ஒத்து நிற்றலே இக்கதவின் நுட்பம்.

குறையுற்ற கதவைக் கண்டவுடன் சுத்தியலைத் தேடுதல் அறிவுடைமை ஆகாது. நோயைத் தெளிந்து, அதன் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவன் மருந்து கொடுப்பான். அம்முறையே இங்கும் வேண்டற்பாலது. முதற்கண் கதவைப் பாதி உயரத்திற்கு உயர்த்தி, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, கையை மெல்லத் தளர்த்திப் பார்த்தல் வேண்டும். கதவு நின்ற இடத்திலேயே நிற்குமாயின் வில் செவ்விய நிலையில் உள்ளது. கீழே சரியுமாயின் வில் தளர்ந்தது அல்லது முறிந்தது என அறியலாம். தானே மேலே தாவுமாயின் முறுக்கு அளவுக்கு மிஞ்சியது என்பது தெளிவு.

வில் செம்மையாக இருந்தும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒருங்கே கதவு இறுகுமாயின், குறை தடத்தில் உள்ளது. தெருப்புழுதியும் பழைய எண்ணெயும் கலந்து தடத்தினுள் களிம்பாக உறைந்திருக்கும். அல்லது வண்டி மோதித் தடத்தின் விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும். கதவு ஒரு புறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் ஏறுமாயின், தகடு ஏதேனும் பக்கவாட்டில் நகர்ந்துள்ளதா என்றும், ஒரு தடத்தில் மட்டும் தடை உள்ளதா என்றும் நோக்குதல் வேண்டும். பூட்டு விழாவிடின், பூட்டைப் பழிக்குமுன் வாயிற்படியைக் காண்க. அடிச்சட்டத்தின்கீழ்க் கிடக்கும் சிறு கல்லொன்றே அதற்குக் காரணமாதலும் உண்டு.

இவற்றுள் வீட்டார் தாமே செய்யத்தக்கவை பல. தடங்களைத் தூரிகையால் துடைத்து, மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் களிம்பை நீக்கி, உலர்ந்தபின் நீர்த்த எண்ணெயைச் சிறிதளவு தடவுதல் போதுமானது. கெட்டியான கிரீசைத் தடத்தில் அப்புதல் தவறு. அது புழுதியை ஈர்த்து, தீர்க்க வந்த நோயையே மீண்டும் விளைவிக்கும். சிறிதளவே வளைந்த விளிம்பை மரக்கட்டையை அணைகொடுத்து மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். துரு ஏறிய இடங்களை உப்புத்தாளால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சிட்டு, அதன்மேல் வண்ணம் பூசுதல் வேண்டும்.

துருவைப் பற்றி இப்பகுதியினர் சிறப்பாகக் கருத்தூன்றல் தகும். இராணிப்பேட்டை, ஆம்பூர் முதலிய ஊர்கள் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைப்பர். அவ்வுப்பு ஈரத்தோடு கலந்து இரும்பில் படியின் துரு விரைந்து பரவும். தோற்கிடங்குகளின் கதவுகளில் அடிச்சட்டத்தை அடிக்கடி கழுவித் துடைத்தல் இன்றியமையாதது. இல்லங்களிலும் ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை கதவைத் துப்புரவு செய்து வைத்தல் நன்று.

எனினும், வீட்டார் கை வைக்கலாகாத உறுப்பு ஒன்று உண்டு. அதுவே சுருள்வில். முறுக்கேறிய வில்லின் பிடிப்பைத் தளர்த்தினால், தண்டு நொடிப்பொழுதில் சுழன்று கையை முறிக்கும். பாரம் முழுவதும் தலைமேல் வீழ்ந்து உயிருக்கே இறுதி நேரும். கதவு கீழே சரிகின்றது என்று கண்டால், அதனைத் தாழ இறக்கிப் பூட்டிவிட்டுத் தேர்ந்த தொழிலாளரை அழைத்தலே முறை. உயர்ந்து நிற்கும் கதவைக் கோலொன்றால் முட்டுக்கொடுத்து, அதன்கீழ் வண்டியைச் செலுத்துதல் பெரும் பேதைமை.

மின்னாற்றலால் இயங்கும் கதவுகளில் இவ்வெச்சரிக்கை இருமடங்காக வேண்டும். அமெரிக்காவில் சான்சன் என்பார் 1921-ஆம் ஆண்டில் மேலெழும் கொட்டகைக் கதவையும், 1926-ஆம் ஆண்டில் அதனை இயக்கும் மின்பொறியையும் அமைத்தார். அந்நாட்டில் தானியங்கிக் கதவுகளின்கீழ்ச் சிக்கிச் சிறுவர் பலர் மாண்டனர். அதன் விளைவாக, 1993-ஆம் ஆண்டு முதல் செய்யப்பெறும் இல்லக் கதவுப் பொறிகளில், குறுக்கே யாரேனும் நிற்பின் கதவை இறங்கவொட்டாது திருப்பும் காப்பமைப்பு இருத்தல் வேண்டும் என அங்கு விதிக்கப்பட்டது. இத்தகைய அமைப்பு உள்ள இடங்களில், கதவின்கீழ் மரக்கட்டையொன்றை வைத்து, இறங்கும் கதவு அதனைத் தொட்டதும் திரும்புகின்றதா என அவ்வப்போது சோதித்தல் வேண்டும். பழுது பார்க்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் முதற்கடமை. இறங்கும் கதவின்கீழ்ப் புகுந்தோடும் விளையாட்டைச் சிறுவர் அறவே விலக்குதல் வேண்டும்.

தன்னால் இயல்வதைச் சோம்பலால் பிறரிடம் விடுதலும் குற்றம். தன்னால் இயலாததைத் துணிச்சலால் தான் மேற்கொள்ளுதலும் குற்றம். தூரிகையும் துணியும் எண்ணெயும் வீட்டார் கைக்கு உரியவை. முறுக்கேறிய வில் தொழில் கற்றார் கைக்கு உரியது. இவ்வெல்லையை உணர்ந்து நடப்பவனுக்குக் கதவு காவலாகவும் அமையும்; வழியாகவும் அமையும்.