தின்னர் நெடி பழகிவிட்டதா?

"முதல் நாள் தலை சுத்தும் தம்பி, அப்புறம் பழகிடும்." பெயிண்டிங், பாலிஷ் வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் மூத்தவர்கள் சொல்வது இது. பழகுவது மூக்கு மட்டுமே. ஒரே நெடியில் நின்றுகொண்டிருந்தால் சிறிது நேரத்தில் மூக்கு அதை உணராது. உள்ளே போகும் ஆவி மட்டும் குறைவதில்லை.

பல தின்னர்களிலும் பசைகளிலும் டொலுயீன் என்ற கரைப்பான் இருக்கிறது. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் தாழ்வான இடங்களில் தேங்கும். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவருக்கும், மூடிய அறையில் குனிந்து அலமாரிக்கு வார்னிஷ் அடிப்பவருக்கும் ஆபத்து அதிகம்.

உடலுக்கு என்ன ஆகும்?

முதலில் கண், மூக்கு, தொண்டை எரியும், இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பு கூடும். நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து மூளையை எட்டினால் தலைவலி, தள்ளாட்டம், மயக்கம். காற்றோட்டமில்லாத தொட்டியில் உயிரே போகலாம். ஆண்டுக்கணக்கில் அதிக அளவில் சுவாசித்தால் நினைவாற்றலும் செவித்திறனும் பாதிக்கப்படும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தவிர்க்க வேண்டும்.

கார் ஸ்ப்ரே, பி.யு. பாலிஷ் ஆகியவற்றில் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், ஆஸ்துமாவே இல்லாதவருக்கும் அதை வரவழைக்கும்.

எப்படித் தற்காத்துக்கொள்வது?

எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும்படி ஃபேன் வையுங்கள். டொலுயீன் ஆவி எளிதில் தீப்பற்றும். அருகில் பீடி, அடுப்பு கூடாது. துணியும் என்-95 மாஸ்க்கும் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர் தேவை. தின்னரை வாயால் உறிஞ்சி டியூபில் இறக்காதீர்கள். சில துளிகள் நுரையீரலுக்குள் போனாலே நிமோனியா வரலாம். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். தொட்டிக்குள் விழுந்திருந்தால் பாதுகாப்பின்றி நீங்களும் இறங்காதீர்கள்.

சட்டம் தரும் உரிமை

தொழிற்சாலைச் சட்டம், 1948, எட்டு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு டொலுயீன் என வரம்பு வகுத்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கான 2020-ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், கையாளும் பொருளின் ஆபத்தை முதலாளியிடம் கேட்டறியும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. குறை தீராவிட்டால் ஆய்வாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு இதற்கான துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

பென்சீனும் அதன் நச்சு இனங்களும் உண்டாக்கும் நோய்கள், இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளன; டொலுயீன் பென்சீன் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே இருமலுக்கு மருத்துவரிடம் போகும்போது செய்யும் வேலையையும் சொல்லி, சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். டின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவச் சீட்டுகளையும் சம்பள ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். தனியாக வேலை செய்யும் பெயிண்டர்கள் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தூசி வருமென்று ஜன்னலைச் சாத்தி வேலை வாங்காதீர்கள். உள்ளே நின்று மூச்சு விடுபவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான்.