மன்னிப்பு வேறு, விடுதலை வேறு

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். "யாரையும் தீர்ப்பிடாதே என்கிறது கிறிஸ்தவம். அப்படியென்றால் கொலைகாரனையும் சும்மா விட்டுவிட வேண்டியதுதானா?" நியாயமான கேள்விதான். பதிலுக்கு வட அயர்லாந்து வரை போக வேண்டும்.

அங்கே கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டண்ட் மறுபக்கம். தெருவும் பள்ளிக்கூடமும்கூடப் பெரும்பாலும் தனித்தனி. பேருக்குத்தான் மதச் சண்டை. பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்பதே உள்ளே கனன்றது.

1987 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. என்னிஸ்கில்லன் ஊரில் போரில் மாண்டவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூட்டம் கூடியிருந்தது. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கம் வைத்த குண்டு வெடித்துச் சுவர் சரிந்ததில் 11 பேர் இறந்தார்கள்.

அவ்வூர்த் துணிக்கடைக்காரர் கோர்டன் வில்சனும் மகள் மேரியும் இடிபாட்டில் புதைந்தார்கள். மேரி நர்ஸ், வயது 20. அப்பாவின் கையைப் பிடித்தபடி கிடந்தாள். "நல்லா இருக்கியாம்மா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "இருக்கேம்பா" என்றாள், நடுநடுவே அலறினாள். அப்பாமேல் எவ்வளவு பாசம் என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

தனக்கு யார்மேலும் வன்மம் இல்லை, குண்டு வைத்தவர்களுக்காக ஜெபிப்பேன் என்று பிபிசி பேட்டியில் சொன்னார் வில்சன். பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கொலைகாரர்கள் தெருவில் திரியலாம் என்று தான் சொல்லவில்லை என்பதையும் அவர் பின்னால் தெளிவாக்கினார். தண்டனை கோர்ட்டின் பொறுப்பு, கடைசித் தீர்ப்பு கடவுளுடையது. பழிக்குப் பழி வாங்கக் கிளம்புகிறவர்கள் தன் மகள் பெயரைச் சொல்லிக் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு சாவையும் 'நம்மாள், அவங்காள்' என்று எண்ணுகிற ஊரில் அது சின்ன விஷயமா?

எல்லாரும் இதை ஏற்கவில்லை. எங்கள் வீட்டுச் சாவை மன்னிக்க இவர் யார் என்று கேட்டால் அதுவும் சரிதான். அவர் பேசியது தன் இழப்பைப் பற்றி மட்டுமே. பாதிரியாரே வந்தாலும் இன்னொருவரிடம் மன்னிப்பை வற்புறுத்தி வாங்கக் கூடாது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

1993இல் வில்சன் ஐ.ஆர்.ஏ. ஆட்களை நேரிலேயே சந்தித்து, போதும் நிறுத்துங்கள் என்று கேட்டார். வெறுங்கையோடு திரும்பினார். வெகுளி என்றார்கள் சிலர். 1998இல் வந்த சமாதான ஒப்பந்தத்துக்கு இவர்தான் காரணம் என்றால் மிகை. அதைப் பார்க்கவும் அவர் இல்லை, 1995இலேயே இறந்துவிட்டார். கோர்ட்டின் பங்குதான் பாக்கி: அந்தக் குண்டுக்காக இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.