நாலு பேருடன் உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சைதான்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் "மனசு சரியில்லை" என்று சொல்லி ஓ.பி. சீட்டு வாங்குபவர்கள் குறைவு. "தலை பாரமா இருக்கு", "ராத்திரி தூக்கமே இல்ல", "கை கால் எல்லாம் குடைச்சல்" என்றுதான் சொல்வார்கள். மாத்திரை வாங்கிப் போவார்கள், சில நாளில் திரும்ப வருவார்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. இப்படி வருபவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது மனச்சோர்வு அல்லது மனப்பதற்றம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்தது போல இருந்ததா என்ற இரண்டு கேள்விகளிலிருந்தே மருத்துவர் தொடங்கலாம். தேவைப்பட்டால் மருந்து தருவார். மருந்தைப் போலவே பேச்சு வழியாகத் தரும் சிகிச்சையும் உண்டு. அதை ஒரே பிரச்சினை உள்ள பலரைக் குழுவாக உட்கார வைத்தும் தரலாம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவின் உகாண்டா. எய்ட்ஸ் நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மசாகா, ரக்காய் பகுதிகளில் 2002-ஆம் ஆண்டு 30 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வாரம் ஒருமுறை, 16 வாரங்கள் குழு அமர்வு. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல. இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். முடிவில், குழு நடந்த கிராமங்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் 86 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைந்தார்கள். குழு நடக்காத கிராமங்களில் 94 சதவீதம் 54.7 ஆனது. அங்கும் ஓரளவு தானாகவே குறைந்திருக்கிறது, கவனியுங்கள். ஆனாலும் வித்தியாசம் சின்னது இல்லை.

இந்த முறையை எளிதாக்கி உலக சுகாதார நிறுவனம் 2016-இல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன்படி முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார்கள். பிறகு வாரம் ஒன்றாக 8 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று தொடங்கும். சோர்வுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை நான்கு இடங்களில் தேடுகிறார்கள்: நெருங்கியவரின் சாவு, தீராத சண்டை, வாழ்க்கையில் வந்த பெரிய மாற்றம், தனிமை. வேலை போனதும், கல்யாணமாகி வேற ஊருக்கு வந்ததும், நோய் வந்ததும் மாற்றங்கள்தான். ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் "எனக்கும் அப்படித்தான் இருந்தது, நான் இப்படிச் செஞ்சு பார்த்தேன்" என்பார். நடத்துபவர் அறிவுரை சொல்வதைவிட இதுதான் அதிகம் வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர், இன்னொருவருக்கு வழி சொல்லும் நிலைக்கு வருகிறார்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனச்சோர்வுக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர், நம் மொழியில் சொன்னால், 'ரொம்ப யோசிக்கிறது'. நம்ம ஊர் பேச்சு மாதிரியே இருக்கிறது இல்லையா? அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களின் வெளியே பெஞ்ச் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் முதலில் தனியாகப் பேசுகிறார்கள். அதன் பிறகு ஆதரவுக் குழுவில் சேரலாம். அந்தக் குழுவில் பேசிக்கொண்டே பை பின்னுகிறார்கள்.

"நாலு பேர் முன்னாடி என் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்றதா?" என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் இங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதி முதல் நாளே பேசப்படுகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை தருபவர்கள் உங்கள் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. ஆனால் கூட உட்காருபவர்களைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கொடுக்கும் வாக்குதான். ஆகவே தெரிந்தவர் யாராவது குழுவில் இருந்தால், சேருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேச மனமில்லாத நாளில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

எல்லோருக்கும் குழு பொருந்தாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், குடியை நிறுத்த முடியாதவர்கள் முதலில் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்தில் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழு அமர்வு நடக்கிறது என்று சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் எந்த நாளில் எங்கே வருகிறார்கள், குழு அமர்வு உண்டா என்பதை உங்கள் சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்கலாம். தூக்கமின்மை, சோர்வு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், உடம்பு வலியோடு அதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். உடனே பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.